ஒரே சேறு, வேறு வேறு குடும்பங்கள்

ஜிந்துப்பிட்டிப் பக்கம் பாய் வாங்கப் போனால் பனையோலைப் பாய், பன் பாய், பிளாஸ்டிக் பாய் என்று மூன்று வகை கிடைக்கும். ஓலைப் பாய் பனையிலிருந்து வந்தது; அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பன் பாய் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று கேட்டால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பன்புல். ஆனால் தாவரவியலில் பன்புல் என்று ஒரு தனிச் செடி இல்லை. கிழக்கு மாகாணத்தில் பாய் இழைக்கிறவர்கள் பன் என்று அறுத்துக் கட்டுவது, சிங்களக் கிராமங்களில் பன் என்று வெட்டிக் காயவைப்பது, தமிழகத்து ஆற்றங்கரைகளில் கோரை என்று வளர்ப்பது, குளத்தோரம் சம்பு என்று நிற்பது, இவ்வளவையும் சேர்த்தால் அரை டசின் இனங்களுக்கு மேல் வரும். அவற்றில் பெரும்பாலானவை கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சம்பு வேறொரு குடும்பம். எல்லோரும் புல் என்று அழைத்தாலும், உண்மையான புல் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இவற்றைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஜிந்துப்பிட்டி இருப்பது பேரை வாவிக்கும் களனி கங்கைக்கும் இடைப்பட்ட மேட்டில். வடக்கே மட்டக்குளியும் காக்கைதீவும், கிழக்கே கொலன்னாவைச் சதுப்பு, அதற்கப்பால் கோட்டேயும் தலவத்துகொடையும், தெற்கே பெல்லன்வில–அத்திடிய, களனியைத் தாண்டினால் நீர்கொழும்புக் களப்புவரை நீளும் முத்துராஜவெல. 2018 ஒக்டோபரில் டுபாயில் கூடிய ரம்சார் மாநாடு முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை அளித்தபோது கொழும்பும் அவற்றில் ஒன்றாக இருந்தது. அந்த அங்கீகாரத்தைத் தேடித்தந்த ஈரநிலங்களின் விளிம்பெல்லாம் நிமிர்ந்து நிற்பவை இந்தப் பச்சைத் தண்டுகள்தாம். பறவைகளின் பெயரைச் சரியாகச் சொல்லும் பலர், அந்தப் பறவை கூடு கட்டியிருக்கும் செடியைப் “புல்” என்ற ஒரு சொல்லோடு கடந்துபோகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழுத்த தாவரவியலாளர்களே இந்தச் செடிகளிடம் ஏமாந்திருக்கிறார்கள்.

கொழும்பைச் சூழ்ந்த ஈரவலயத் தாழ்நிலத்தில் வளரும் ஒரு பன்னுக்கு இன்றைய அறிவியற்பெயர் எலியோகாரிஸ் டுல்சிஸ். கோரைக் குடும்பம். சீன உணவகங்களில் வெள்ளையாக, மொறுமொறுவென்று கறிக்குள் வரும் வாட்டர் செஸ்நட் இதன் கிழங்குதான். 1768இல் நிக்கலாஸ் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர் இதற்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது ஆண்ட்ரோபோகன் என்ற பேரினத்தில் சேர்த்தார். அது உண்மையான புற்களின் பேரினம். 1786இல் சுவீடனின் ரெட்சியஸ் இன்னொரு பன்னுக்குப் பெயரிட்டார். இன்று அதை லெபிரோனியா ஆர்ட்டிகுலேட்டா என்கிறோம். இதுவும் கோரைக் குடும்பமே. அவரோ அதை ரெஸ்டியோ என்ற பேரினத்தில் வைத்தார். ரெஸ்டியோவின் குடும்பத்துக்குத் தாயகம் தென்னாபிரிக்காவும் அவுஸ்திரேலியாவும். இருவரும் தேர்ந்த கண் உள்ளவர்கள். இருந்தும் தவறினார்கள். ஏன் என்று விளங்கிக்கொண்டால், இந்தச் செடிகளைப் பிரித்தறியும் வழியும் தெளிவாகிவிடும்.

சதுப்பு நிலத்துச் சேற்றில் ஒட்சிசன் கிடையாது. மேலே ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இருக்கலாம். அதற்குக் கீழே நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். ஆனால் வேர் சுவாசித்தாக வேண்டும். ஆகவே சேற்றில் வேரூன்றும் எந்தச் செடியும் மேலிருந்து காற்றைக் கீழே இறக்கியே வாழ முடியும். அதற்கு உடலுக்குள் காற்றறைகள் நிறைந்த இழையம் வேண்டும். அகன்ற இலைகளை விடச் செங்குத்தான குழாய் இந்த வேலைக்கு ஏற்றது. நீர்மட்டம் ஏறி இறங்கும். அலையும் காற்றும் அடிக்கும். வழவழப்பான உருளைத் தண்டு இதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும். இலையைத் துறந்து, தண்டே பச்சையாகி, ஒளித்தொகுப்பையும் ஏற்றுக்கொண்டால் செலவு குறையும். இந்தக் கணக்கைப் போட்ட குடும்பங்கள் பல. விடை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது: நிமிர்ந்த, இலையற்ற, பஞ்சுபோல் உள்ளீடு கொண்ட பச்சைத் தண்டு.

உள்ளே வெறும் குழாயாக இருந்தாலும் ஆபத்து. ஓரிடத்தில் ஒடிந்தால் முழுக் குழாயிலும் நீர் புகுந்துவிடும். ஆகவே பல இனங்கள் குழாய்க்குள் குறுக்குத் தடுப்புகளை வைத்திருக்கின்றன. இத்தகைய தடுப்பு நுண்ணிய இடைவெளிகள் கொண்ட கலங்களால் ஆனது. காற்று கடந்துபோகும், நீர் எளிதில் போகாது, தண்டும் நசுங்காது. உலர்ந்த தண்டில் இந்தத் தடுப்புகள் வளையம் வளையமாக வெளியே தெரியும். பெயர் வைத்தவர்களின் கண்ணில் முதலில் பட்டதும் அதுதான் போலும். லெபிரோனியா ஆர்ட்டிகுலேட்டா, சைப்பெரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ், ஷோனோபிளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டா, ஜங்கஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் என நான்கு வெவ்வேறு பேரினங்களில் இதே அடைமொழி வருகிறது. முதல் மூன்றும் கோரைக் குடும்பத்தின் தனித்தனிக் கிளைகள். நான்காவது வேறு குடும்பமே. தடுப்பு என்ற ஏற்பாட்டை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியே அடைந்திருக்கிறது.

சம்பு இதைவிட ஒரு படி மேலே போகிறது. வெயில் ஏறி இலை சூடாகும்போது இலைக்குள்ளிருக்கும் ஈரக் காற்றின் அழுத்தம் வெளியை விடச் சற்று உயர்கிறது. இளம் இலைகள் வழியே காற்று கீழே தள்ளப்பட்டு, சேற்றுக்குள் கிடக்கும் வேர்த்தண்டைக் கடந்து, பழைய, முறிந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. பகல் முழுவதும் இந்த ஓட்டம் நடக்கும். வேரைச் சுற்றிக் கசியும் ஒட்சிசன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கும். பிடுங்கிய வேரில் செம்மண் நிறப் பூச்சு தெரிந்தால் அது அழுக்கல்ல. அந்தச் செடி விட்ட மூச்சின் தடயம். அதே வழியில், சேற்றில் உருவாகும் மெதேன் மேலேறி வானத்தில் கலக்கிறது.

ஆகவே என் வாதம் இதுதான்: தண்டும் இலையும் உயரமும் பெரும்பாலும் சேற்றைப் பற்றிய செய்தி. வம்சத்தைப் பற்றிய செய்தி வேறிடத்தில், சேற்றின் கட்டாயம் அதிகம் எட்டாத பூவிலும் விதையிலும் இருக்கிறது. தண்டு எவ்வளவு மாறக்கூடியது என்பதற்குப் புளோரிடாவில் வளரும் எலியோகாரிஸ் விவிபாராவை விட நல்ல சான்று கிடையாது. தரையில் வளரும்போது அதன் தண்டு கரும்பும் சோளமும் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் சி4 முறையில் இயங்குகிறது. அதே செடி நீருக்குள் மூழ்கினால் நெல்லைப்போல் சி3 முறைக்கு மாறி, தலைமயிர் மாதிரி மெல்லிய தண்டுகளை விடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று எவரும் நம்பமாட்டார்கள்.

இருந்தாலும் தண்டை ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் முதல் வேலைக்கு அது போதும். ஒரு தண்டைக் குறுக்கே வெட்டி விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். முக்கோணமாகத் தட்டுப்பட்டு, உள்ளே நிறைவாக இருந்தால் அநேகமாகக் கோரைக் குடும்பம். உருளையாக, கணுக்களோடு, கணுக்களுக்கிடையே வெறுமையாக இருந்தால் புல். இலைகள் இருந்தால் மேலிருந்து பாருங்கள்: புல்லில் இரண்டு வரிசை, கோரையில் மூன்று வரிசை. இலையின் அடியுறை தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருந்தால் கோரை; ஒரு பக்கம் பிளந்திருந்தால் புல். பட்டையான நீண்ட இலைகள் அடியிலிருந்தே விசிறிபோல் எழுந்து, நடுவில் பழுப்பு நிற உருளைக் கதிர் நின்றால் சம்பு. அதைச் சிறு பிள்ளையும் அடையாளம் காட்டும்.

சிக்கல் உருளைத் தண்டுக் கோரைகளில்தான் தொடங்குகிறது. முக்கோணம் என்ற விதியை மீறியவை இவை. பாய்க்கு உகந்தவையும் பெரும்பாலும் இவையே.

பர்மனையும் ரெட்சியஸையும் ஏமாற்றிய அந்த இரண்டையே எடுத்துக்கொள்வோம். எலியோகாரிஸ் டுல்சிஸுக்கும் லெபிரோனியாவுக்கும் தண்டு உருளை. இரண்டிலும் இலை என்று சொல்ல அடியில் உறை மட்டுமே. இரண்டிலும் குறுக்குத் தடுப்பு உண்டு. இரண்டும் மீற்றர் உயரத்தைத் தாண்டும். பூக்காத காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். பூத்தால் ஒரு பார்வையிலேயே முடிந்துவிடும். எலியோகாரிஸில் ஒரே ஒரு சிறுகதிர், தண்டின் உச்சியில், தண்டின் தடிப்பிலேயே நிற்கும். அதற்கு மேல் எதுவும் இராது. லெபிரோனியாவில் சிறுகதிர் பக்கவாட்டில் முளைத்தது போலத் தெரியும். அதைத் தாண்டி ஒரு கூர்நுனி மேலே போகும். அந்த நுனி தண்டு அல்ல. பூங்கதிரின் அடியில் வர வேண்டிய இலை நிமிர்ந்து, உருண்டு, தண்டின் தொடர்ச்சி போலத் தோற்றம் தருகிறது.

இந்தத் தோற்றம் ஷோனோபிளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டாவில் உச்சத்துக்குப் போகிறது. வயலோரத்திலும் வற்றும் குட்டைகளிலும் வளரும் சிறிய செடி அது. அதன் பூக்கொத்து தண்டின் நடுவிலோ அதற்கும் கீழேயோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். உண்மையில் தண்டு அந்தக் கொத்தோடு முடிந்துவிட்டது. மேலே உள்ள பாதிச் செடி முழுவதும் ஒரே ஓர் இலை. இதை முதன்முதலாகக் கையில் எடுத்துப் புரிந்துகொள்ளும்போது ஏற்படும் மகிழ்ச்சியை எல்லாப் பிள்ளைகளும் அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாடப்புத்தகத்தின் இலை, தண்டு என்ற பிரிவு அங்கே உயிர் பெறுகிறது.

எலியோகாரிஸுக்குள்ளேயே இன்னொரு பிரிவினை இருக்கிறது. டுல்சிஸுக்கு அருகிலேயே எலியோகாரிஸ் அக்யூட்டாங்குலா வளரும். உயரமும் நிறமும் உச்சிக் கதிரும் ஏறக்குறைய அப்படியே. இங்கே தண்டே கைகொடுக்கும்: அக்யூட்டாங்குலாவின் தண்டு கூரான மூன்று விளிம்புகள் கொண்டது, உள்ளே பஞ்சு, தெளிவான தடுப்புகள் இல்லை. டுல்சிஸின் தண்டை அழுத்திக்கொண்டே விரலை நகர்த்தினால் தடுப்புகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று உடையும். கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துவிடலாம். மிகச் சிறிய எலியோகாரிஸ் இனங்களில் அது நடக்காது. அங்கே கைவில்லை வேண்டும். இந்தப் பேரினத்தின் கொட்டையின் தலையில், பூவின் சூல்தண்டு உதிராமல் ஒரு சிறு குமிழாக மீந்திருக்கும். அந்தக் குமிழின் வடிவம், கொட்டையின் நிறம், அதைச் சுற்றிய முட்களின் எண்ணிக்கை ஆகியவற்றில்தான் இனம் ஒளிந்திருக்கிறது. கொட்டையின் நீளம் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும்.

தமிழ்நாட்டுக்குப் போனால் இதே புதிர் பாய்த் தறியில் வந்து நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் புகழ்பெற்றது. அதற்கான கோரை சைப்பெரஸ் பாங்கோரெய். பேராசிரியர் ரொட்பொல் 1773இல் கோபன்ஹேகனில் வெளியிட்ட நூலில் இதற்குப் பெயரிட்டார். தரங்கம்பாடியிலிருந்து கோனிக் அனுப்பிய செடிகள் அந்த நூலுக்குப் பெரும் உதவி. லின்னேயஸின் மாணவரான கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர். இலங்கைக்கும் வந்து செடி சேகரித்தவர். அதே நூலில் ரொட்பொல் சைப்பெரஸ் கொரிம்போசஸ் என்று இன்னொரு பாய்க்கோரையையும் விவரித்தார். இந்த இரண்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டிருக்கின்றன. பாங்கோரெயின் தண்டு முக்கோணம். பூங்கொத்தின் அடியிலுள்ள இலைகள் பொதுவாகக் கொத்தைத் தாண்டி நீளும். கொரிம்போசஸின் தண்டு கீழே உருண்டும் மேலே போகப்போக மூன்று பட்டையாகவும் இருக்கும். கொத்தடி இலைகள் பொதுவாகக் குட்டை. மூன்றாவதாக சைப்பெரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் நுழைந்தால், தண்டைப் பிளந்து தடுப்பு உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

நெசவாளருக்கு இந்தப் பிரிவினை தேவையா என்று கேட்கலாம். அவர் அதைத் தன் வழியில் ஏற்கெனவே செய்கிறார். எது பிளக்கும்போது நேராக ஓடுகிறது, எது ஊறினால் கறுக்கிறது, எது மடித்தால் ஒடிகிறது என்பது கைக்குத் தெரியும். பிளப்பதும் ஒடிவதும் தண்டின் நார்க்கட்டுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தவை. இனத்துக்கு இனம் அந்த அடுக்கு மாறும். தாவரவியலாளர் நுண்ணோக்கியில் பார்க்கும் குறுக்குவெட்டை நெசவாளர் விரலால் படிக்கிறார். இந்த இரண்டு அறிவும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல் நம்மிடம் இருக்க வேண்டும்.

கோரைக்கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடைகளில் முத்தக்காசு என்ற பெயரில் கறுத்து உருண்டு கிடைக்கும் அது சைப்பெரஸ் ரொட்டண்டஸ். இதன் நெருங்கிய உறவு சைப்பெரஸ் எஸ்குலென்டஸ். ஸ்பெயினின் வலென்சியாவில் அதன் கிழங்கை அரைத்து ஓர்சாட்டா என்ற இனிப்புப் பானம் செய்கிறார்கள். ரொட்டண்டஸின் கதிர் செம்பழுப்பு. எஸ்குலென்டஸின் கதிர் மஞ்சள். நிறம் ஐயம் தந்தால் தோண்டிப் பார்க்கலாம்: முதலாவதில் கிழங்குகள் ஒரே கொடியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், இரண்டாவதில் ஒவ்வொரு கொடியின் நுனியிலும் ஒன்றே ஒன்று.

இனி சம்பு. எளிதென்று சொன்னேன்; குடும்பத்தைச் சொல்வதுதான் எளிது. சம்பின் பேரினம் டைஃபா. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பெரும்பாலான பட்டியல்களில் டைஃபா அங்குஸ்டிஃபோலியா என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் அந்தப் பெயரில் பதிவான செடிகள் பலவும் டைஃபா டொமிங்கென்சிஸ் என்று இப்போது கருதப்படுகின்றன. இரண்டிலும் மேலே ஆண் கதிர், கீழே பெண் கதிர், நடுவே வெறும் தண்டு தெரியும் இடைவெளி. குளிர்நாட்டு டைஃபா லட்டிஃபோலியாவில் அந்த இடைவெளி இல்லை. ஆணும் பெண்ணும் தொட்டுக்கொண்டிருக்கும். அங்குஸ்டிஃபோலியாவையும் டொமிங்கென்சிஸையும் பிரிக்க இலையின் அடிப்பகுதியை உரித்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். டொமிங்கென்சிஸில் பசை சுரக்கும் பழுப்புப் புள்ளிகள் உறையைத் தாண்டி இலைப்பட்டையின் உட்பக்கத்துக்கும் ஏறியிருக்கும். பெண் கதிரின் நிறமும் கறுவாப்பட்டை நிறத்துக்கு வெளிறியிருக்கும், அங்குஸ்டிஃபோலியாவில் கரும்பழுப்பு. இதோடு கலப்பினங்களும் உண்டு. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளை விழுங்கிக்கொண்டிருப்பது அங்குஸ்டிஃபோலியாவும் லட்டிஃபோலியாவும் கூடிப் பிறந்த டைஃபா கிளாக்கா. பெற்றோரை விட வீரியம் மிக்கது அது.

ஜங்கஸ் குடும்பத்தை, அதாவது ஆங்கிலத்தில் உண்மையான ரஷ் என்று அழைக்கப்படுபவற்றை, கொழும்பின் பாய்களில் தேட வேண்டாம். இலங்கையில் அவற்றின் இடம் மலைநாடு. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து நீரோடைகளில் ஜங்கஸ் பிரிஸ்மடோகார்பஸ் வளர்கிறது. பூவைப் பார்த்தால் இந்தக் குடும்பத்தைக் கோரையோடு குழப்பவே முடியாது. செதில்போல் சிறிய ஆறு இதழ்கள் வட்டமாக நிற்கும். நிறம் மட்டும் போய்விட்ட அல்லிப் பூ அது. பழுத்தால் மூன்றாக வெடித்துப் பல விதைகளைச் சிந்தும். கோரையில் ஒரு பூவுக்கு ஒரே கொட்டை. அது வெடிப்பதும் இல்லை.

ஜப்பானின் தாத்தாமிப் பாய் இந்தக் குடும்பத்தின் ஜங்கஸ் எஃபூசஸிலிருந்து வருகிறது. கியூஷு தீவின் யட்சுஷிரோவில் அதை வயலில் நட்டு வளர்க்கிறார்கள். ஐரோப்பாவில் அதே இனத்தின் தோலை உரித்து, உள்ளிருக்கும் சோற்றைக் கொழுப்பில் தோய்த்துத் திரியாக எரித்தார்கள். கில்பர்ட் வைட் 1789இல் வெளியிட்ட செல்போர்ன் நூலில் அதன் செய்முறை விரிவாக இருக்கிறது. அங்கும் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று இனங்கள் உண்டு. எஃபூசஸின் தண்டு வழவழப்பு, சோறு தொடர்ச்சி. இன்ஃபிளெக்சஸின் தண்டு நீலப்பச்சை, வரிவரியாக மேடு, சோறு விட்டுவிட்டு. கொங்ளோமெராட்டஸ் மங்கிய பச்சை, கொத்துக்குக் கீழே வரிகள். திரி செய்தவர்களுக்கு எஃபூசஸ்தான் வேண்டும். சோறு அறுந்திருந்தால் விளக்கு எரியாது.

ஜங்கஸும் கோரையும் வேறு குடும்பங்கள் என்றாலும் சகோதரக் குடும்பங்கள். அதன் சான்று மகரந்தத்தில் இருக்கிறது. ஒரு தாய்க்கலம் பிரிந்து நான்கு மகரந்த மணிகள் உருவாகின்றன. ஜங்கஸ் குடும்பத்தில் அந்த நான்கும் பிரியாமல் ஒன்றாகவே பறக்கும். கோரையில் நான்கில் மூன்று உள்ளேயே சிதைந்துபோக, ஒன்று மட்டும் பிழைத்து வெளியே வரும். ஒரே ஏற்பாட்டின் இரண்டு முடிவுகள் அவை. கோரைக் குடும்பத்துக்கு இன்னொரு இயல்பும் உண்டு. பெரும்பாலான உயிர்களில் நிறமூர்த்தத்துக்கு ஒரே ஒரு பிடிப்பு மையம் உண்டு. நிறமூர்த்தம் உடைந்தால் மையமற்ற துண்டு தொலைந்துவிடும். கோரைகளில் பிடிப்பு நிறமூர்த்தத்தின் நீளம் முழுவதும் பரந்திருப்பதால், உடைந்த துண்டும் பிழைக்கும். ஆகவே எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கும். ரைங்கோஸ்போரா டெனுயிஸ் என்ற கோரையில் ஒரு கலத்துக்கு 4 நிறமூர்த்தங்களே. சில சைப்பெரஸ் இனங்களில் 200ஐத் தாண்டும். கோரைக் குடும்பத்தில் ஏறத்தாழ 5,500 இனங்கள் பெருகியிருப்பதற்கும், அவற்றுக்குள் இவ்வளவு நெருக்கமான முகச்சாயல் இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கொழும்புக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இங்கே வந்த பவுல் ஹெர்மன் சில ஆண்டுகள் தங்கிச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு பல கைகள் மாறி லின்னேயஸிடம் போய், 1747இல் ஃபுளோரா சைலானிக்கா என்ற நூலாகியது. அந்த உலர்ந்த செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாவரவியலாளர் டிரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூலை, 1896இல் அவர் இறந்த பிறகு ஹூக்கர் 1900இல் முடித்தார். கோரைக் குடும்பத்துக்கான புதிய, முழுமையான விவரிப்பை ஜப்பானியத் தாவரவியலாளர் டெட்சுவோ கோயாமா எழுதி, திருத்திய கைநூலின் ஐந்தாம் தொகுதியில் 1985இல் வெளியானது. ஏறத்தாழ 280 பக்கங்கள். அதன் திறவுகோல்களைப் பின்தொடர்ந்தால் அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்: கொட்டை முக்கோணமா தட்டையா, சூல்முடி இரண்டா மூன்றா, செதில்கள் எத்தனை வரிசை. உயரத்தைக் கடைசியில்தான் சொல்கிறார்.

இந்த நுணுக்கம் நகரத்துக்கு எதற்கு? எந்த இனம் எங்கே பெருகுகிறது என்பது அந்த நீரின் நிலையைச் சொல்கிறது. கழிவுநீரோடு பொசுபேற்றும் நைதரசனும் வந்து சேரும் இடத்தில் சம்பு பாயும். அதன் வேர்த்தண்டுகள் பின்னிப் பின்னித் திறந்த நீரை மூடிவிடும். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் மறைவிடம் கிடைக்கும், ஆனால் வெள்ளம் வந்தால் தேங்க இடம் குறையும். எலியோகாரிஸ் டுல்சிஸும் லெபிரோனியாவும் புளித்த நீரைத் தாங்கும். வியட்நாமின் மேகொங் சமவெளியில், மற்றப் பயிர்கள் கருகும் அமிலச் சேற்றில் இவை இரண்டும் பரந்து கிடக்கின்றன. அங்கே சாரசக் கொக்குகள் எலியோகாரிஸின் கிழங்கைக் கிளறித் தின்ன வருகின்றன; முன்னைய கீயென் ஜியாங் மாகாணப் பகுதிப் பெண்கள் லெபிரோனியாவை அறுத்துப் பையும் பாயும் பின்னி விற்கிறார்கள். 2010 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு கொழும்பின் ஓடைகளையும் சதுப்புகளையும் புதுப்பிக்கும் வேலைகள் நடந்தன. கரைகளில் செடி நடுவதும் அத்தகைய வேலையில் ஒரு பகுதி. அப்போது “கோரை நடுகிறோம்” என்று சொன்னால் போதாது. எந்தக் கோரை என்று சொல்ல வேண்டும். நட்டது சம்பாகவும் எழுதியது பன்னாகவும் இருந்தால், பத்து ஆண்டு கழித்து அங்கே நீர் ஏன் ஓடவில்லை என்று விளங்காது.

தேடிப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். சரணாலயங்களில் ஒரு தண்டைக்கூடப் பறிக்க வேண்டாம். வீதியோரக் கான்களிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் இதே இனங்கள் தாராளமாகக் கிடைக்கும். கைவில்லை ஒன்று, பத்து மடங்கு பெருக்குவது போதும். கைத்தொலைபேசியில் முழுச் செடியை மட்டும் படமெடுத்து வந்து பெயர் கேட்டால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அடியுறை, தண்டின் குறுக்குவெட்டு, கதிர் நிற்கும் இடம், கதிரின் அடியிலுள்ள இலைகளின் நீளம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். பிறகு பழுத்த சிறுகதிர் ஒன்றை உள்ளங்கையில் தேய்த்துச் செதில்களை ஊதிவிட்டு, மீந்த கொட்டையை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுக்க வேண்டும். கதிர் இன்னும் பச்சையாக இருந்தால் இடத்தைக் குறித்துவைத்து, அது பழுத்த பிறகு மறுபடி போங்கள். சம்புக்கு மட்டும் கொட்டை தேவைப்படாது. ஆண் கதிர் உதிர்வதற்குள் போய், இடைவெளியையும் இலையடியின் உட்புறத்தையும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.